கையெழுத்து எப்போ சார் வாங்கணும்?

கால்பந்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் கிடையாது. நட்சத்திர ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தை எப்போது நீட்டிப்பது? அவசரப்பட்டால் ஏமாளி. தாமதித்தால் கோமாளி!

இந்தத் தலைவலியைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் போஸ்மன் என்கிற பெல்ஜியம் ஆட்டக்காரர். 1990ல் ஒப்பந்தம் முடிந்தும் பழைய கிளப், 'பணம் வந்தால்தான் அனுப்புவேன்' என்று பிடித்து வைத்துக்கொண்டது. மனுஷன் கோர்ட்டுக்குப் போய்விட்டார். ஐந்து வருஷ இழுபறி. 1995 டிசம்பர் 15ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திரப் பறவை, கிளப்புக்குச் சல்லிக்காசு கிடையாது. அன்றிலிருந்து கிளப் முதலாளிகள் காலண்டரைப் பார்த்தே வியர்க்கிறார்கள். கடைசி ஆறு மாசத்தில் வெளிநாட்டு டீமோடு பேசிக் கையெழுத்தே போட்டுவிடலாம் என்றால் வியர்க்காதா பின்னே?

நம் ஆபீஸ் கதைதான். நாலு வருஷமாக மேனேஜர் ரூம் வாசலில் நின்றும் கிடைக்காத இன்க்ரிமென்ட், வேறு கம்பெனி ஆர்டர் பாக்கெட்டில் இருந்தால் நாலே நிமிஷத்தில் கிடைக்கும். அதே சமாசாரம், என்ன... பூஜ்யங்கள்தான் கூடுதல்.

நான் ஆர்செனல் கட்சி. ராத்திரி ஒரு மணிக்கு, வீட்டில் யாரும் எழுந்துவிடாமல், வாயைப் பொத்திக்கொண்டு கோல் கொண்டாடத் தெரிந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் ஆர்செனல் படாத பாடு கிடையாது.

2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் வான் பெர்ஸி அந்த சீசனில் லீகில் மட்டும் 30 கோல். ஒப்பந்தத்தில் பாக்கி ஒரே வருஷம். ஜூலையில் 'நீட்டிக்க மாட்டேன்' என்று அறிவித்துவிட்டார். வேறு வழி? மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள். அடுத்த சீசனில் 26 கோல், யுனைடெட் சாம்பியன்! 2013 ஏப்ரலில் அவர் ஆர்செனல் மைதானத்துக்கு வந்தபோது பழைய சகாக்கள் இரு பக்கமும் வரிசையாக நின்று கை தட்டி வரவேற்க வேண்டியதாயிற்று. மரபு அப்படி. பெனால்டியில் ஒரு கோலும் போட்டுவிட்டுப் போனார். வயிறு எரிந்தது சார்.

பாடம் கற்றார்களா? 2017 கோடையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்: சான்செஸ், ஓசில். இரண்டு பேருக்கும் பாக்கி ஒரு வருஷம். சான்செஸுக்கு மான்செஸ்டர் சிட்டி சுமார் 60 மில்லியன் பவுண்டு தரத் தயார். பேரம் கடைசி நாளில் முறிந்தது. 2018 ஜனவரியில் அதே ஆள் பண்டமாற்று முறையில் யுனைடெட்டுக்குப் போனார். பதிலுக்கு மிகிதார்யான் வந்தார். பணம்? காற்று!

ஒருத்தர் போனதும் அடுத்தவர் விலை ஏறாதா? ஓசிலையும் விட்டால் ரசிகர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயத்தில், சில நாட்களிலேயே 2021 வரை நீட்டித்தார்கள். வாரத்துக்கு 3,50,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. வாரத்துக்கு, கவனியுங்கள்! 2020 மார்ச்சுக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் மட்டும் டாண் டாண் என்று போய்க்கொண்டிருந்தது.

ஔபமெயாங் கதை இன்னும் உருக்கம். 2020 ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சீக்கு எதிராக இரண்டு கோலும் அவர்தான். அடுத்த மாசமே மூன்று வருஷக் கையெழுத்து. வயசு 31. நாங்கள் துள்ளிக் குதித்தோம். 2021 டிசம்பரில் கேப்டன் பதவி பறிபோனது. 2022 பிப்ரவரியில் ஒப்பந்தத்தையே ரத்து செய்து வழியனுப்பினார்கள். கோப்பை ஜெயித்த சூட்டில் போடும் கையெழுத்து, கல்யாண வீட்டில் கைமாற்று கொடுப்பது மாதிரி. மறுநாள்தான் உறைக்கும்.

என் கட்சி இதுதான். இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே உட்கார்ந்து பேசு. இழுத்தடிக்கிறானா, அந்தக் கோடையிலேயே விற்றுவிடு. முப்பதைத் தாண்டியவனுக்கு ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. சின்னப் பையனுக்கோ தாராளமாகக் கொடு. ஆர்செனலே 2023 மேயில், 21 வயசு சாகாவை 2027 வரை நீட்டித்ததே, அப்படி! கணக்குப் பிள்ளைக்கும் இதில் லாபம் உண்டு. 50 மில்லியனுக்கு வாங்கிய ஆளுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றால் ஏட்டில் வருஷத்துக்குப் பத்து மில்லியன் செலவு. மூன்று வருஷம் கழித்து பாக்கி இருபது. அப்போது மேலும் இரண்டு வருஷம் நீட்டித்தால் அந்த இருபது நாலு வருஷத்துக்குப் பிரிந்து, ஐந்து ஐந்தாகிவிடும்.

ஆபீசில் லிவர்பூல் கட்சி நண்பர் ஒருத்தர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். "சாலாவை மறந்துட்டீங்களே?" என்கிறார்.

மறக்கவில்லை. 2025 ஜூனில் லிவர்பூலில் மூன்று பேருக்கு ஒப்பந்தம் முடிய இருந்தது. ஏப்ரல் வரை இழுத்து, 32 வயசு சாலாவுக்கும் 33 வயசு வான் டைக்குக்கும் இரண்டிரண்டு வருஷம் கொடுத்தார்கள். அந்த சீசனில் சாலா லீகில் 29 கோல். ஆனால் ஆறு வயசிலிருந்து அங்கேயே வளர்ந்த அலெக்சாண்டர் ஆர்னால்ட், 26 வயசுக்காரர், ரியல் மாட்ரிடுக்குப் பறந்துவிட்டார். ஒரு மாசம் முன்கூட்டி அனுப்பியதற்காக ஏதோ கொஞ்சம் கிடைத்தது. அவ்வளவுதான்!

"கிழவர்களைப் பிடிச்சுட்டுப் பையனை விட்டுட்டீங்களே சார்?" என்று மடக்கினேன்.

டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அந்த வருஷம் கப்பு யாருக்கு சார்?"