மூக்கைப் பார்த்து மாஸ்க்

சிதம்பரத்துத் தேர் வீதிகளில் திண்ணை வைத்த வீடுகள் நிறைய இருந்த காலத்தில், குறட்டை வீட்டுக்குள் அடங்கிய விஷயமாக இல்லை. கோடை ராத்திரியில் ஆண்கள் வரிசையாக வெளியே படுப்பார்கள். யாருடைய குறட்டை எது என்று தெருவுக்கே தெரியும். பலமாகக் குறட்டை விடுகிறவரைப் பார்த்து, 'கொடுத்துவைத்தவர், தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறார்' என்று பொறாமைப்பட்டவர்களும் உண்டு. நடுவில் அந்தச் சத்தம் பட்டென்று நிற்கும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒன்றும் கேட்காது. பிறகு உடம்பே தூக்கிவாரிப்போட, ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். பக்கத்தில் படுத்தவர்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் அது ஒரு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே மனிதர் பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தால், 'மதியச் சாப்பாடு கொஞ்சம் கனம்' என்றார்கள்.

தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதைப் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் 1965இல்தான் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் பல வருடங்களுக்குக் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வைத்தியம், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சுவிட வைப்பது ஒன்றுதான். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், துளை போட்டுக்கொள்ள மனமில்லாத ஒரு நோயாளியிடம் வேறொன்றை முயன்று பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி மாற்றி, அந்தக் காற்றைக் குழாய் வழியாக மூக்குக்குள் செலுத்தினார். காற்றடித்த சைக்கிள் ட்யூப் மடங்காமல் நிற்பதுபோல, உள்ளே போன காற்று தொண்டையை மடங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் அது வெளியானது. இன்று நாம் சி-பேப் என்று சொல்லும் மெஷினின் பிறப்பு அதுதான்.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது மோட்டார் அல்ல, மாஸ்க். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் தனித்தனியாக அச்செடுத்து, அந்த ஒரு மூக்குக்கென்றே மாஸ்க் செய்தார்கள். தினமும் ராத்திரி அதைப் பசை வைத்து முகத்தில் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும், காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். அவஸ்தைதான். ஆனால் மாஸ்க் செய்தவர் அந்த மூக்கைக் கண்ணால் பார்த்திருந்தார்.

கடலூருக்கு இந்த மெஷின் வந்து சேரக் காலம் பிடித்தது. 2000களின் பிற்பகுதியில் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் பெரியப்பாவுக்கு இது தேவைப்பட்டபோது, அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. குறட்டைக்கு மெஷினா என்று சிரித்தார்கள். அப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஜிப்மர், இல்லாவிட்டால் சென்னையோ வேலூரோ என்று போக வேண்டும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் தலை, மார்பு, கால் என்று எங்கும் வயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கைதான் முடிவு. ஐந்துக்கு மேல் போனால் நோய், பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதைத் தாண்டினால் கடுமை. பெரியப்பாவுக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. மெஷினை மாட்டி, எந்த அழுத்தத்தில் மூச்சு நிற்காமல் இருக்கிறது என்று பார்க்க இன்னொரு ராத்திரி. கடைசியில் ஒரு சீட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் ராத்திரி முழுக்க அந்த ஒரே அழுத்தத்தில்தான் ஊதும்.

மெஷினோடு ஓர் ஆளும் வந்தார். விற்பனையாளரின் ஆள், சென்னையிலிருந்து பஸ்ஸில் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவர். பெரியப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க் பட்டையை இழுப்பதும் தளர்த்துவதுமாகப் பாதி நாள் இருந்தார். உட்கார்ந்திருக்கும்போது சரியாகப் பொருந்திய மாஸ்க் படுத்ததும் கண்ணோரத்தில் காற்றுக் கசிந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். கன்னச் சதை படுக்கும்போது வேறு பக்கம் சாயும், அதனால் உட்காரவைத்து அளவு பார்க்கக் கூடாது என்றார். பையிலிருந்து, முகத்தில் படியும் மாஸ்க் குஷனில் ஒரு அளவு சின்னதை எடுத்துப் போட்டார். கசிவு நின்றது. பெரியப்பாவின் பெரிய மீசையைப் பார்த்துவிட்டு, 'ஐயா, இதுலயும் கொஞ்சம் கத்தரிக்கணும்' என்றபோதுதான் வீட்டில் பூகம்பம். மூன்று நாள் கழித்து மீசையே தோற்றது.

அந்த நாட்களில் மெஷினைவிடப் பெரிய கவலை கரண்ட். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களில், மூச்சுக்கு மெஷினை நம்பியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. தலைமாட்டில் நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அடுத்த வருடம் புயல் இல்லாமலே அதே கதி. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடக் கரண்ட் போன காலம் அது. ராத்திரி ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மெஷின் நின்றதும் ரப்பர் மூடிய முகத்தோடு திடுக்கிட்டு எழுவது, பழகாதவர்களுக்குப் பயங்கரமான அனுபவம். மெஷின் வாங்கிய பலர் அந்த வருடத்தில்தான் அதைப் பரணில் ஏற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஊதும் காற்றில் ஈரம் சேர்க்க மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை அணைத்துவிட்டால் சி-பேப் இழுக்கும் கரண்ட் ஒரு பழைய சீலிங் ஃபேனைவிடக் குறைவுதான். 150 ஏஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும். சூடாக்கும் பகுதியையும் சேர்த்து ஓட்டினால்தான் பேட்டரி சீக்கிரம் இறங்கும். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னதுமே அதை அணைத்துவிடுவது கடலூர்க்காரர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

மற்றபடி எல்லாமே எளிதாகிவிட்டதுபோல் தெரிகிறது. விரலிலும் மூக்கிலும் மாட்டும் சின்னக் கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒரு ராத்திரி தூங்கினால் போதும், அறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆட்டோ மெஷின் கூரியரில் வருகிறது. மூச்சுக்கு மூச்சு அளந்து, தேவைக்கேற்ப அழுத்தத்தை அதுவே ஏற்றி இறக்கும். காலையில் கைபேசியைத் திறந்தால் நேற்று எத்தனை மணி நேரம் மாட்டினோம், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்று எல்லாம் இருக்கிறது. கேலியும் ஓய்ந்துவிட்டது. இந்தி சினிமா இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த நோயும் இருந்தது. அதற்குப் பிறகு குறட்டையைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆண்களைத்தான் சொல்கிறேன். கணவரின் குறட்டையை டாக்டரிடம் சொல்ல மனைவி இருக்கிறார். மனைவியின் குறட்டையை டாக்டரிடம் கொண்டுபோகிற வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பஸ்ஸில் வந்த அந்த ஆளைத்தான் இப்போது காணவில்லை. கூரியர்காரர் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மெஷின் நாலு முதல் இருபது வரை என்று முழு வீச்சும் திறந்தபடியே வருகிறது. அந்த எண்கள் தண்ணீர் மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கில் அழுத்தத்தைக் குறிப்பவை. கனத்த உடம்புக்காரருக்கு நாலில் ஆரம்பித்தால், 'காத்தே வரலியே' என்று மூச்சு முட்டும். நள்ளிரவில் பதினாறுக்கோ பதினேழுக்கோ ஏறினால் மாஸ்க் பிய்த்துக்கொண்டு ஊதும். முதல் வாரத்துப் பதிவைப் பார்த்து, எட்டு முதல் பதின்மூன்று என்பதுபோல அவரவருக்கு ஏற்றபடி டாக்டர் குறுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஒருமுறை திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு வாரம் போராடிவிட்டு, 'எனக்கு ஒத்துக்கல' என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். பழி மெஷின் மேல் விழுகிறது.

வாங்கும்போது பேச்சு முழுக்க எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சுற்றியே நடக்கிறது. ரெஸ்மெட்டா, பிலிப்ஸா, விலை குறைந்த சீனத் தயாரிப்பா? என் கருத்து, அதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது மாஸ்கில் செலவழிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைத்தான் பலரும் 'ஆஸ்பத்திரி மாஸ்க்' என்று நம்பி வாங்குகிறார்கள். மூக்கடைப்பு இல்லாதவருக்கு மூக்கை மட்டும் மூடும் சின்னதே பெரும்பாலும் போதும். பெரியது தாடையைப் பின்னால் தள்ளும், கசிவும் அதிகம், அழுத்தமும் கூடுதலாக வேண்டியிருக்கும். கொண்டை போட்டுப் படுக்கும் பெண்களுக்குப் பின்பட்டை எங்கே உட்காரும் என்று கேட்கிற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொன்று, பட்டையைக் காந்தக் கொக்கியால் மாட்டும் மாஸ்க்குகள். வசதிதான். ஆனால் பேஸ்மேக்கர் போன்றவை உடம்பில் இருப்பவருக்கு அது ஆபத்து என்று 2022இல் பிலிப்ஸும் 2023இல் ரெஸ்மெட்டும் எச்சரித்தன. மாட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஒரே கட்டிலில் பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும்தான். மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட வேறோர் அழுத்தம் என்று ஊதும் பைபேப் மெஷினை வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினால், அது டாக்டரின் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் மெஷினோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சி-பேப் ஊதுவது நம் அறைக் காற்றைத்தான்.

பழைய மெஷினை மாற்றுகிற விஷயத்தில் 2021 ஜூன் பெரிய திருப்பம். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை உதிர்ந்து துகளாகிக் காற்றோடு மூக்குக்குள் போகலாம் என்று சொல்லி, பிலிப்ஸ் தன் பல மாடல்களை உலகம் முழுவதும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. லட்சக்கணக்கான மெஷின்கள். வெப்பமும் ஈரப்பதமும் அந்த நுரையைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதும் அறிவிப்பில் இருந்தது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கடலூரைவிட வேறெங்கே போவது! அதே சமயத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்றக் கம்பெனிகளாலும் கேட்டதைக் கொடுக்க முடியவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் அவசரத்துக்கு வாங்கிய மெஷின்களும் பிறகு பாதி விலைக்கு விற்பனைக்கு வந்தன. இப்போதும் வருகின்றன. பழையதை வாங்குவதென்றால், மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று மெஷினுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதையும் காட்டச் சொல்லலாம்.

உதிரிகளை எப்போது மாற்றுவது? அமெரிக்கக் காப்பீட்டு அட்டவணை குஷனுக்கு ஒரு மாதம், ட்யூபுக்கு மூன்று மாதம், பட்டைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆறு மாதம் என்கிறது. அங்கே கம்பெனி பணம் தருகிறது. இங்கே தனியார் மருத்துவக் காப்பீட்டில் சி-பேப் கருவிக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வழியாக உண்டு, அதற்கு அரசு நிபுணரின் சீட்டு வேண்டும். மாஸ்க் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் எனும்போது அந்த அட்டவணையை இங்கே யார் பின்பற்றுவார்கள்? பின்பற்றவும் தேவையில்லை. குஷன் வழவழப்பு போய்த் தளர்ந்திருக்கிறதா, பட்டையை நேற்றைவிட இறுக்க வேண்டியிருக்கிறதா, கைபேசியில் கசிவு எண் மெல்ல ஏறுகிறதா என்று பார்த்து மாற்றினால் போதும். குஷனின் சிலிக்கோனைக் கெடுப்பது முகத்து எண்ணெய். தேங்காயெண்ணெய் தடவிப் படுக்கும் நம் ஊரில், படுக்கும் முன் முகம் கழுவினாலே குஷன் கூடுதல் மாதங்கள் உழைக்கும். பில்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரோட்டோர வீட்டில் அது இரண்டே வாரத்தில் கறுத்துவிடும்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீர் தனிக் கதை. கடலோர போர் தண்ணீர் உப்பு, ஒரு வாரத்தில் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னதும் பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் கேனை வாங்கி வருகிறார்கள். அது சுவாசத்துக்காகத் தயாரித்ததல்ல. மருந்துக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காத நாளில் தொட்டியைக் காயவைத்துவிட்டு வெறும் காற்றோடு ஓட்டலாம். ஏ.சி. போடாத அறையில், ஐப்பசி கார்த்திகையில், கடலூர்க் காற்றுக்கு மேலும் ஈரம் எதற்கு?

புதிதாக ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. எடை குறைக்கும் டிர்ஸெபடைடு ஊசியை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான தூக்க மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவில் நீரிழிவுக்கும் பருமனுக்கும் விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டால் மெஷின் வேண்டாமா என்று கேட்கிறார்கள். சிலருக்கு வேண்டாமல் போகலாம், பலருக்கு அழுத்தம் குறையலாம். மறுபடி ஒரு ராத்திரி பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பத்து வருடத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி அதே எண்ணில் புது மெஷின் வாங்குவதும் இதே காரணத்தால் தப்பு. இடையில் எடை, வயது, மூக்கு எல்லாம் மாறியிருக்கும்.

மாஸ்க் வாங்க புதுச்சேரிக்கோ சென்னைக்கோ நேரில் போவது வீண் அலைச்சல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் போகச் சொல்வேன். சொந்த மெஷினைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று அளவு கேளுங்கள். கடையில் ஒரு பெஞ்சு இருந்தாலும் போதும், அதில் படுத்து, வழக்கமான அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, ஒருக்களித்தும் பாருங்கள். 'பாக்கெட்டைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.