ராத்திரி பட்டினி கிடந்தும் காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?



இரண்டு மாதத்துக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் சந்தா வரவு எழுதி முடித்த நேரம், ஓர் அக்கா எங்களிடம் கேட்டார்: "ராத்திரி ஒரு வாய் சோறு திங்கல. தண்ணி குடிச்சிட்டுப் படுத்தேன். காலையில குத்திப் பாத்தா 190. சாப்பிடாத சர்க்கரை எங்கேயிருந்துங்க வந்துச்சு?"

எங்களுக்குப் பகீரென்றது. அவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். முந்தின வாரம் களை எடுக்கும்போது வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும் என்று நினைத்து இப்படிச் செய்கிறவர்கள் நம் குழுக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்தச் சர்க்கரை கல்லீரலில் இருந்து வந்தது. சோறு, இட்லி, களி எல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பங்கைக் கல்லீரல் எடுத்து வைக்கிறது, நம் குழு சேமிப்பு மாதிரி. தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே! அப்போது கல்லீரல் சேமிப்பைப் பிரித்துக் கொடுக்கும், புதிதாகத் தயாரித்தும் கொடுக்கும். "போதும், நிறுத்து" என்று அதற்குச் சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேராவிட்டால், நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சேதி எப்படிப் போகிறது? நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. இன்சுலின் செல்லுக்குள் போகாது. வாசலில் நின்று தட்டும், அவ்வளவுதான். உள்ளே வேலை செய்வது நொதிகள். டாக்டர்கள் என்சைம் என்பார்கள். சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அது எச்சிலில் உள்ள ஒரு நொதியின் வேலை. செல்லுக்குள் இருக்கும் சில நொதிகளுக்கு வேலை வேறு: ஒன்று அடுத்ததன் மேல் பாஸ்பேட் என்ற சின்னப் பொருளை ஒட்டி அதை எழுப்பிவிடும். பேங்கில் பணம் எடுக்க ஊக்குநர், பிரதிநிதி என்று வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா, அது மாதிரிதான். வாசல் கதவில் இருப்பதே ஒரு நொதி, முதல் கையெழுத்து அதனுடையது. வரிசையில் முக்கியமான ஒன்றின் பெயர் ஏ.கே.டி. அதற்குக் கையெழுத்து வந்து சேர்ந்தால், தசையில் சர்க்கரை நுழையும் கதவுகள் மேலே வந்து திறக்கும். கல்லீரல் சர்க்கரையை விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் இந்தக் கையெழுத்து நடுவிலேயே நின்றுவிடுகிறது. பணம் பேங்கில் இருக்கிறது, கைக்கு வராது. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து பார்க்கும். வருடக்கணக்கில் அப்படியே ஓடி அதுவும் ஓய்ந்துபோகும்.

ஆனால் தசைக்கு இன்னொரு வழியும் உண்டு. நடக்கும்போது, குனிந்து நிமிரும்போது தசையில் சத்து தீர்கிறது. அதைக் கண்டு விழித்துக்கொள்ளும் நொதியின் பெயர் ஏ.எம்.பி.கே. இன்சுலின் சேதி வராவிட்டாலும், வேலை செய்கிற தசை அந்தக் கதவுகளைத் திறந்துகொள்ளும். இதில் இந்த நொதிக்கும் பங்கு உண்டு. வேலை நின்ற பிறகும் சில மணி நேரம் இந்தப் பலன் இருக்கும். "நாள் பூரா காட்டுல வேலை செய்யறோமே, நடை வேற எதுக்கு?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நம்மில் பலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு ராத்திரிதான், அதற்குப் பிறகு நேராக டி.வி. முன்னால் உட்காருகிறோம். சர்க்கரை ஏறுகிற நேரத்தில் தசை சும்மா இருக்கிறது. சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால்கூட வித்தியாசம் தெரியும்.

மாத்திரை விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். மெட்பார்மின் முக்கியமாகக் கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. அது மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை அப்படியில்லை. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய், கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரும். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் அட்டையில் எந்த மாத்திரை எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் கேட்கலாம். நாமாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது, டாக்டரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

அந்த அக்கா மயங்கி விழுந்ததை டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ராத்திரிச் சாப்பாட்டை விடுவதில்லை, அளவைக் குறைத்திருக்கிறார். சாப்பிட்டதும் மாரியம்மன் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறாராம். போன கூட்டத்தன்று காலையில் 142. துணைக்கு இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தருக்குச் சர்க்கரையே கிடையாது, சும்மா பேசிக்கொண்டு போக வருகிறார்.