தொடர் வைப்பு: விளம்பர வட்டியும் கைக்கு வரும் வட்டியும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கஞ்சிக்கோடு, கேரளத்தின் பெரிய தொழிற்பகுதிகளுள் ஒன்று. இங்குள்ள ஆலைகளில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல, மாத ஊதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிச் சேமிக்கும் வழக்கம் உடையவை. அவர்களுக்குத் தெரிவுகளில் குறைவில்லை. ஆர்.டி. என்று பேச்சு வழக்கில் குறிப்பிடப்படும் தொடர் வைப்புக் கணக்கை வணிக வங்கிகள், சிறு நிதி வங்கிகள், அஞ்சலகம், கூட்டுறவு நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் வழங்குகின்றன. இவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினாவுக்குப் பலரும் வட்டி வீதத்தை மட்டுமே பார்த்து விடை காண்கின்றனர். அது ஏன் போதாது என்பதையும், வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டு விளக்குகிறோம்.

7 சதவீதம் என்றால் எவ்வளவு?

மாதம் 2,000 ரூபாய் வீதம் ஓராண்டு செலுத்தும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் செலுத்துவது 24,000 ரூபாய். ஆண்டு வட்டி 7 சதவீதம். 24,000 ரூபாய்க்கு 1,680 ரூபாய் வட்டி வரும் என்று மனக்கணக்குப் போடுவோர் உண்டு. முதிர்வு நாளில் கிடைக்கும் வட்டியோ ஏறத்தாழ 924 ரூபாய்தான்.

இதில் பிழை ஏதும் இல்லை. முதல் தவணை மட்டுமே பன்னிரண்டு மாதங்களும் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் தவணை பதினொரு மாதங்கள் இருக்கிறது. கடைசித் தவணைக்கு ஒரு மாதமே கிடைக்கிறது. சராசரியாக ஒவ்வொரு தவணையும் ஆறரை மாதங்களுக்கு வட்டி ஈட்டுகிறது. காலாண்டுக் கூட்டு வட்டியைச் சேர்த்த பின்னரும், கிடைப்பது மனக்கணக்கில் வந்த தொகையின் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

இனி, 6.5 சதவீதம் தரும் மற்றொரு நிறுவனத்தைப் பார்ப்போம். அங்கே அதே சேமிப்புக்கு வட்டி சுமார் 857 ரூபாய். அரை சதவீத உயர்வுக்காக நிறுவனத்தை மாற்றுவதால் ஓராண்டில் கிடைப்பது 67 ரூபாய். காலம் நீளும்போது இவ்வேறுபாடு வளரும். ஐந்தாண்டுக் கணக்கில் 6.7 சதவீதத்துக்கும் 7.2 சதவீதத்துக்கும் இடையே, அதே 2,000 ரூபாய்த் தவணைக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய் வேறுபாடு வரும். ஆகவே, குறுகிய காலக் கணக்குக்கு வட்டி வீதத்தை விட விதிமுறைகளே முதன்மையானவை; நீண்ட காலக் கணக்குக்கு இரண்டும் முதன்மையானவை.

தவணை தவறினால்

உரிய நாளில் தவணை செலுத்தாவிட்டால் சில வங்கிகள் நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் பெறுகின்றன. அவ்வாறாயின் 2,000 ரூபாய்த் தவணை ஒரு மாதம் தாமதமானால் 30 ரூபாய். ஆண்டில் இரு முறை இவ்வாறு நேர்ந்தால் 60 ரூபாய். நாம் தேடிச் சென்ற 67 ரூபாய் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் இக்கட்டணம் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். தொடர்ந்து நான்கு தவணைகளுக்கு மேல் தவறினால் கணக்கு நிறுத்தப்படும் நிலை உண்டாகும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. ஊதியம் எந்த நாளில் கணக்கில் சேர்கிறதோ, அதற்கு இரண்டு மூன்று நாள்கள் பிற்பட்ட நாளைத் தவணை நாளாக அமைத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பணம் செல்லுமாறு நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். மிகைநேரப் பணி கிடைக்கும் மாதத்தின் வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யக் கூடாது. ஆண்டிலேயே குறைவாக ஊதியம் வரும் மாதத்திலும் செலுத்த இயலும் தொகையே சரியான தவணை.

இடையில் பணம் தேவைப்பட்டால்

மருத்துவச் செலவோ, ஜூன் மாதப் பள்ளிச் செலவோ வரும்போது கணக்கை முன்கூட்டியே முடிக்க நேரலாம். வங்கிகளில் அவ்வாறு முடித்தால், கணக்குத் தொடங்கியபோது அறிவித்த வட்டி கிடைக்காது. பணம் உண்மையில் இருந்த காலத்துக்குரிய வீதமே கணக்கிடப்படும்; அதிலும் பெரும்பாலும் அரை அல்லது ஒரு சதவீதம் குறைக்கப்படும்.

அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக் கணக்கு. குறைந்த தவணை 100 ரூபாய். இதற்கான வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அவ்வீதத்தில் மாதம் 2,000 ரூபாய் செலுத்துவோர், 1,20,000 ரூபாய்க்கு முதிர்வில் சுமார் 1,42,732 ரூபாய் பெறுவர். ஆனால் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கை முடிக்க இயலாது. அதன்பின் முடித்தாலும், முதிர்வுக்கு ஒரே நாள் முன்பாக இருப்பினும், சேமிப்புக் கணக்குக்குரிய குறைந்த வட்டியே கிடைக்கும். மறுபுறம், பன்னிரண்டு தவணைகள் செலுத்திய பின் இருப்பில் பாதி வரை கடன் பெறும் வசதி உண்டு. எனவே ஐந்தாண்டுகள் தொடத் தேவையில்லாத பணத்துக்கு இது நன்கு பொருந்தும். அடுத்த ஓணத்துக்கோ தைப்பொங்கலுக்கோ எடுக்க வேண்டிய பணத்துக்கு இது ஏற்றதன்று.

அசலுக்கு யார் பொறுப்பு?

வட்டியை ஒப்பிடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய வினா இது. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசு பொறுப்பு. வணிக வங்கிகள், சிறு நிதி வங்கிகள், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு வங்கிகள், மாநிலக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றின் வைப்புகளுக்கு வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இதன் வரம்பு, ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்து வைத்தாலும் வரம்பு ஒன்றே.

ஊர்தோறும் உள்ள தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இக்காப்பீடு கிடையாது. சங்கங்கள் தம் பெயரில் ‘வங்கி’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. அதே ஆண்டில் திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் சேவைக் கூட்டுறவு வங்கியில் முறைகேடுகள் வெளிப்பட்டன. வைப்பாளர் பலர் தம் பணத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. நேர்மையாகச் செயல்பட்டு மக்களுக்கு உதவும் சங்கங்கள் பல இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சதவீத வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் காப்பீடு இல்லாத ஓரிடத்தில் வைப்பது உகந்ததன்று.

குறி வேறு, வைப்பு வேறு

இப்பகுதியில் தொடர் வைப்புக்கு மாற்றாகப் பலர் கருதுவது குறி எனப்படும் சிட்டி. 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கே.எஸ்.எஃப்.இ. கேரள அரசுக்குச் சொந்தமான நிறுவனம். அதன் சிட்டிகளில் சேர்வோர் பலர். சிட்டி என்பது சேமிப்பும் கடனும் இணைந்த ஏற்பாடு. அதில் முன்னரே அறிவித்த வட்டி இல்லை. ஏலத்தில் தள்ளுபடி விட்டு முன்னதாகப் பணம் எடுப்பவர் கடன் பெறுபவரைப் போன்றவர். கடைசி வரை காத்திருப்பவர் சேமிப்பவரைப் போன்றவர். வீடு கட்டவோ திருமணத்துக்கோ இடையில் பெருந்தொகை தேவைப்படுவோருக்கு அது பயன்படலாம். முதிர்வில் இன்ன தொகை உறுதியாக வேண்டும் என்போருக்குத் தொடர் வைப்பே தெளிவானது. பதிவு பெறாத தனியார் குறிகளில் சேர்வதைத் தவிர்த்தல் நலம்.

தேர்வு செய்யும் முறை

முதலில் பணம் எந்த மாதத்தில் தேவை என்று முடிவு செய்யுங்கள். முதிர்வு அம்மாதத்துக்குச் சற்று முன்பாக அமையுமாறு காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, அசலுக்கு உள்ள பாதுகாப்பை உறுதி செய்யுங்கள். மூன்றாவதாகத் தாமதக் கட்டணம், முன்முடிப்பு விதி, வைப்பின் மீதான கடன் வசதி ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இவை அனைத்தும் ஏறக்குறைய ஒத்திருக்கும் நிறுவனங்களுக்கிடையே மட்டும் வட்டி வீதத்தை ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது சதவீதத்தைக் கேளாமல், “என் தவணைக்கு முதிர்வுத் தொகை எவ்வளவு?” என்று ரூபாயில் கேளுங்கள்.

திடீர்ச் செலவு வருமோ என்னும் அச்சம் உள்ளவர்கள், 2,000 ரூபாயை ஒரே கணக்கில் செலுத்துவதை விட, 1,000 ரூபாய் வீதம் இரு கணக்குகளாகத் தொடங்கலாம். அவசரத்துக்கு ஒன்றை முடித்தாலும் மற்றொன்று முழு வட்டியுடன் தொடரும். கணக்குத் தொடங்கும் நாளிலேயே நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

எங்கள் வங்கியின் தொடர் வைப்பைப் பற்றியும் இதே வினாக்களைக் கேளுங்கள் என்று வேண்டுகிறோம். அவற்றுக்கு விடையளிப்பது கிளைப் பணியாளர்களின் கடமை. விடைகளைக் குறித்துக்கொண்டு வீட்டில் கலந்து பேசிய பின் முடிவெடுக்கலாம். கணக்குத் தொடங்க அவசரம் ஏதும் இல்லை.