செயலிக்குள்ளேயே இருக்கட்டும் எழுத்து

அறிதிறன்பேசியில் நாம் படிப்பதற்காக வைத்திருக்கும் செயலிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். இணைய இணைப்பு அறுந்த பிறகும் படிக்கத் தருபவை ஒரு வகை. இணைப்பு போனவுடன் வெற்றுத் திரையில் சுழலும் வட்டத்தை மட்டும் காட்டுபவை மற்றொரு வகை. கைபேசியின் விலைக்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பில்லை. செயலியை உருவாக்கியவர் எழுத்தை எங்கே வைத்தார் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

ஆண்ட்ராய்டு கைபேசியில் நாம் நிறுவும் செயலி, 'ஏபிகே' என்ற கோப்பாக வருகிறது. அது உண்மையில் 'ஜிப்' முறையில் சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு பொட்டலம். நிரல், படங்கள், ஒலிகள் ஆகியவற்றோடு சாதாரண உரைக்கோப்புகளையும் அதற்குள் வைத்துக் கட்டலாம். அதற்கெனவே 'அசெட்ஸ்' என்ற தனி அடைவு உண்டு. ஐபோனிலும் இதே ஏற்பாடு 'பண்டில்' என்ற பெயரில் இருக்கிறது. செயலி தனக்கு வேண்டிய கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும்; இயங்குதளம் அதைத் திறந்து தரும்; செயலி அதை எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும். இதில் எந்தக் கட்டத்திலும் இணையத்துக்கு வேலையில்லை.

உள்ளே வைக்கப்பட்ட கோப்பைச் செயலி படிக்கலாம், திருத்த முடியாது. பொட்டலம் முழுவதும் உருவாக்கியவரின் எண்மக் கையொப்பத்தோடு வருகிறது. வேறொருவர் அதில் ஓரெழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். ஆகவே, வெளியிட்டவர் எந்த உரையை வைத்தாரோ, அதே உரைதான் வாசகருக்குக் கிடைக்கிறது.

இவ்வளவையும் உள்ளே வைத்தால் செயலி பருத்துவிடாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூனிகோடு தமிழை இன்று பரவலாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை; ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். அப்படியிருந்தும் திருக்குறளின் 1,330 குறட்பாக்களும் சேர்ந்து கால் மெகாபைட்டை எட்டுவதில்லை. நாம் கைபேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு. மேலும், தமிழ்க் குறியீடுகள் அனைத்தும் ஒரே பைட்டில் தொடங்குவதாலும், இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றாகவே இருப்பதாலும், பொட்டலம் கட்டும்போது தமிழ் உரை நன்றாகச் சுருங்கிவிடுகிறது. செயலியைப் பருக்க வைப்பவை படங்களும் காணொலிகளுமே.

பொருளியல் நோக்கில் பார்த்தால் இது செலவு யாரைச் சேர்கிறது என்ற கேள்வி. உள்ளே வைத்த உரையை ஒருமுறை பதிவிறக்கினால் போதும். அதன் பிறகு ஆயிரம் முறை படித்தாலும் கூடுதல் செலவு ஏதுமில்லை. சர்வரிலிருந்து வரவழைக்கும் உரைக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் தரவும் காத்திருப்பும் செலவாகின்றன. இந்தியாவில் தரவு மலிவுதானே என்பது பாதி உண்மைதான். தரவுக்குப் பணம் கட்டியவருக்கும் மலைக் கிராமத்திலும் ஓடும் ரயிலிலும் மருத்துவமனையின் அடித்தளத்திலும் அலைவரிசை கிடைப்பதில்லை.

பேரிடர் நாள்களில் இந்த உண்மை கடுமையாகத் தெரியவரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரத்தோடு கைபேசிச் சேவையும் பல இடங்களில் முடங்கியது. நீரைக் காய்ச்சிக் குடிப்பது, பாம்புக்கடிக்கு முதலுதவி, உதவி எண்கள், அருகிலுள்ள நிவாரண மையத்தின் முகவரி ஆகியவை அப்போதுதான் அதிகம் தேவைப்படுகின்றன. இவற்றைச் சர்வரில் மட்டும் வைத்திருக்கும் செயலி, தேவைப்படும் நாளில் பயன்படாது. இவை அனைத்தும் சேர்ந்தாலும் சில பக்க எழுத்துதான் என்பதை எண்ணினால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் இதை ஏன் நாடுவதில்லை? உரை சர்வரில் இருந்தால் யார், எதை, எவ்வளவு நேரம் படித்தார் என்று கணக்கெடுக்கலாம், ஒவ்வொரு பக்கத்துக்கும் விளம்பரம் இணைக்கலாம், உள்நுழையச் சொல்லலாம், பிழையைச் சொல்லாமலே திருத்திவிடலாம். இந்த ஆதாயங்கள் வெளியிடுபவருக்கு. காத்திருப்பும் தரவும் இருண்ட திரையும் வாசகருக்கு. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு மற்றவர் தலையில் விழுவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம்.

எழுத்தின் கட்டுப்பாடு வெளியிடுபவரின் கையிலேயே இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. உரிமையற்ற ஒருவர் விற்ற பதிப்புகள் என்பதால், ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' நூல்களை 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் போயின. பணம் கொடுத்தவர்கள் வாங்கியது நூலை அன்று, நூலை அணுகும் அனுமதியைத்தான் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

மறுதரப்பின் வாதத்திலும் நியாயம் உண்டு. உள்ளே வைத்த உரை பழசாகிவிடும். சட்டம் திருத்தப்படுகிறது, திட்டத்தின் தகுதி வரம்பு மாறுகிறது, சிகிச்சை நெறிமுறை மாறுகிறது. பழைய மருத்துவக் குறிப்பை நம்பி நடப்பது, குறிப்பே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தாக முடியலாம்.

இதற்கு உரைகளைத் தரம் பிரிப்பதே தீர்வு. செவ்விலக்கியமும் அகராதியும் மாறாதவை. அவை முழுவதும் உள்ளே இருக்கலாம். வானிலையும் சந்தை விலையும் நாழிகைக்கு நாழிகை மாறுபவை; அவை சர்வரிலிருந்துதான் வர வேண்டும். சட்டம், முதலுதவி, அரசுத் திட்டங்கள், பாடநூல்கள் போன்றவை இடைப்பட்டவை. இவற்றின் ஒரு படி செயலிக்குள் இருக்க வேண்டும். இணைப்புக் கிடைக்கும்போது புதிய படியைத் தருவித்துக் கைபேசியின் சேமிப்பகத்தில் தனியே வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உள்ளேயிருக்கும் படியையே, அது எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்போடு காட்ட வேண்டும். தேதியைக் கண்ட வாசகர் எவ்வளவு நம்பலாம் என்பதைத் தாமே முடிவு செய்வார்.

தமிழுக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கையும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு நிறுவனத்துக்கு ஒரு குறியாக்கமாகத் தமிழைத் தட்டச்சு செய்தோம். தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. பழைய கோப்புகளை அப்படியே செயலிக்குள் வைத்தால் திரையில் புரியாத குறிகளே தோன்றும். யூனிகோடிலும் 'கொடி' என்ற சொல்லில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், ஒரு வகையில் தேடினால் மற்றொரு வகையில் எழுதப்பட்டது அகப்படாமல் போகக்கூடும். எனவே கோப்புகளைக் கட்டுவதற்கு முன்பே ஒரே யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இது ஒருமுறை செய்தால் முடிகிற வேலை.

பொதுப்பணத்தில் உருவாகும் செயலிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் அரசு ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அடிப்படை உரைகள் செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். இணைப்பின்றித் திறந்து படிக்க முடிந்த பிறகே இறுதித் தொகை வழங்கப்பட வேண்டும். இதைச் சோதிக்க வல்லுநர் குழு தேவையில்லை. புதிதாக நிறுவிய செயலியை, விமானப் பயன்முறையை இயக்கிவிட்டுத் திறந்து பார்த்தால் போதும். வாசகர்களும் தங்கள் கைபேசியில் உள்ள பேரிடர், மருத்துவம், பாடநூல் செயலிகளை இன்றே இப்படித் திறந்து பார்க்கலாம். அடுத்த மழைக்காலத்தில் எவை கைகொடுக்கும், எவை கைவிடும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.