மேப்புல புள்ளி கடலுக்குள்ள போச்சா? டெலீட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



என்எஸ்எஸ் கேம்ப்புல ஒரு ஊர்ல இருக்கிற கைப்பம்பு, தெருக்குழாய் எல்லாத்தையும் மேப் பண்றீங்கன்னு வச்சுக்குவோம். பத்து பேர், பத்து போன், நாலஞ்சு விதமான ஆப். சாயங்காலம் எல்லாரோட டேட்டாவையும் ஒரே எக்செல் ஷீட்ல ஒட்டி, சிஎஸ்வி-யா மாத்தி, கியூஜிஐஎஸ்ல திறந்தா முக்கால்வாசி புள்ளிகள் ஊருக்குள்ள இருக்கும். சிலது பக்கத்து தாலுகாவுல இருக்கும். சிலது நடுக்கடல்ல. ஒண்ணு ரெண்டு வட துருவத்துப் பக்கம்!

வழக்கமா அடுத்து என்ன நடக்கும்? "இதெல்லாம் தப்பான டேட்டா மச்சி, தூக்கிடு." மேப் அழகாயிடும், ரிவ்யூவும் முடிஞ்சிடும். ஆனா அழிச்ச ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் நிஜமா ஒரு குழாய் இருக்கு, அதுல தண்ணி பிடிக்கிற ஒரு தெரு இருக்கு. நாளைக்கு அந்த மேப்பைப் பார்த்து எந்தக் குழாயை ரிப்பேர் பண்ணணும்னு யாராவது முடிவு பண்ணினா, அந்தத் தெரு கணக்கிலேயே வராது.

நல்ல விஷயம் என்னன்னா, வழி தவறின புள்ளிகள்ல நிறைய திரும்பக் கொண்டு வரக்கூடியவை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு அடையாளம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சா போதும்.

ஒரே இடம், மூணு விதமான எழுத்து

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனை எடுத்துக்குவோம். அதோட இடத்தை மூணு விதமா எழுதலாம்.

- தசம டிகிரி: 13.0825, 80.2750
- டிகிரி, நிமிடம், வினாடி: 13° 04′ 57″ வடக்கு, 80° 16′ 30″ கிழக்கு
- ஆர்டுயினோவோட நாம இணைக்கிற ஜிபிஎஸ் மாட்யூல் அனுப்புற என்எம்இஏ வடிவம்: 1304.9500, 08016.5000

மூணும் ஒரே இடம்தான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி. அதனால 13 + (4 ÷ 60) + (57 ÷ 3600) = 13.0825. என்எம்இஏ-வுல நிமிடமும் டிகிரியும் ஒட்டிக்கிட்டு வரும். 1304.95 என்றால் 13 டிகிரி, 4.95 நிமிடம். 4.95-ஐ 60-ஆல வகுத்து 13-ஓட கூட்டினா அதே 13.0825 கிடைக்கும்.

தப்பு எங்கே வருது? ஒருத்தர் 13° 04′ 57″ என்பதைப் பார்த்து 13.0457-ன்னு டைப் பண்ணுவார். இன்னொருத்தர் 1304.95-ஐ நூறால வகுத்து 13.0495-ன்னு எடுத்துக்குவார். தீர்க்கரேகைக்கும் இதே கதை நடந்தா, ரெண்டு பேரோட சென்ட்ரலும் போரூர் பக்கம் போய் நிக்கும். பத்து கிலோமீட்டருக்கு மேல வித்தியாசம்!

இதுதான் ரொம்ப ஆபத்தான ரகம். கடல்ல விழுந்த புள்ளி கண்ணுல பட்டுடும். போரூர்ல விழுந்த புள்ளி யார் கண்ணையும் உறுத்தாது. "தமிழ்நாட்டுக்குள்ள இருக்கா?"ன்னு செக் வச்சாலும் பாஸ் ஆயிடும்.

எப்படிப் பிடிக்கிறது? நிமிடம் 59-ஐத் தாண்டாது. ஒரு மாவட்டம் முழுக்க எடுத்த டேட்டாவுல, தசமப் புள்ளிக்கு அப்புறம் வர்ற முதல் ரெண்டு இலக்கம் ஒரு வரியில கூட 60 முதல் 99 வரைக்கும் வரலைன்னா சந்தேகப்படுங்க. பஸ் ட்ராக்கிங் ப்ராஜெக்ட்டா இருந்தா இன்னொரு அடையாளமும் உண்டு. 60-ஆல வகுக்க வேண்டியதை 100-ஆல வகுத்ததால, ரூட் அப்படியே 60 சதவீத அளவுக்குச் சுருங்கியிருக்கும். 10 கிலோமீட்டர் ரூட், மேப்புல 6 கிலோமீட்டர்னு காட்டும்.

இந்தத் தப்பை முழுசா திருத்திடலாம். எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சா, அதே கணக்கைத் திருப்பிப் போட்டா போதும்.

எது முதல்ல?

கூகுள் மேப்ஸ்ல லாட்டிட்யூட், அதாவது அட்சரேகை முதல்ல வரும். ஜியோஜேசன் ஃபைல்ல லாங்கிட்யூட், அதாவது தீர்க்கரேகை முதல்ல வரணும். 2016-ல வந்த ஆர்எஃப்சி 7946 என்கிற தரநிலை அப்படித்தான் சொல்லுது. கியூஜிஐஎஸ்ல சிஎஸ்வி சேர்க்கும்போது எக்ஸ் எது, ஒய் எதுன்னு கேட்கும். எக்ஸ்தான் லாங்கிட்யூட். பழக்க தோஷத்துல லாட்டை முதல்ல குடுத்தா, சென்னை நேரா நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல்ல போய் விழும்.

நம்ம ஊருக்கு இதைத் திருத்துறது ரொம்ப சுலபம். தமிழ்நாட்டோட லாட் சுமார் 8-ல இருந்து 13.6 வரை, லாங் சுமார் 76-ல இருந்து 80.4 வரை. ரெண்டு எல்லையும் ஒண்ணோட ஒண்ணு சேராது. லாட் காலத்துல 78-ம் லாங் காலத்துல 10-ம் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு இடம் மாத்திடலாம். ஆனா இதை எல்லா நாட்டுக்கும் ரூல் ஆக்கிடாதீங்க. துருக்கியில ரெண்டுக்குமே 36-ல இருந்து 42 வரைக்கும் மதிப்புகள் வரும். அங்கே எண்ணை மட்டும் பார்த்து மாறியிருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது.

பூஜ்ஜியம், பூஜ்ஜியம்

0, 0 என்கிற இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவுல இருக்கு. அங்கே தீவு எதுவும் இல்ல, வெறும் கடல்தான். ஆனாலும் மேப் உலகத்துல அதுக்கு 'நல் ஐலண்ட்'னு செல்லப் பேர் உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்காதப்போ சில ஆப் காலியா விடாம 0-ன்னு எழுதிடும். காலியா இருக்கிற செல்லை சில ப்ரோக்ராம் 0-ன்னு படிச்சுடும். அந்தப் புள்ளிகள் எல்லாம் கூட்டமா போய்ச் சேர்ற இடம் இது.

இதை எண்ணை வச்சு மீட்க முடியாது. ஆனா அந்த வரியில மத்த விஷயங்கள் இருக்கும். தெருப் பேர், எடுத்த போட்டோ, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே ஆள் பதிவு பண்ண இடம், நேரம். இவற்றை வச்சுத் தேடலாம். முடியலைன்னா மறுபடி போய்த்தான் எடுக்கணும். ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க: "ஊர் நடுவுல வச்சுடுவோம்"னு ஊரோட மையப்புள்ளியை நிரப்பாதீங்க. கடல்ல இருக்கிற தப்பு தன்னைத் தானே காட்டிக் குடுக்கும். ஊர் நடுவுல வச்ச தப்பு சரி மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

எக்செல் தின்ற இலக்கங்கள்

அட்சரேகையில ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். அதனால:

- 2 தசம இடம் இருந்தா சுமார் 1.1 கிலோமீட்டர்
- 3 இருந்தா சுமார் 111 மீட்டர்
- 4 இருந்தா சுமார் 11 மீட்டர்
- 5 இருந்தா சுமார் 1.1 மீட்டர்

எக்செல்ல காலத்தை ரெண்டு தசம இடம் காட்டுற மாதிரி வச்சு சிஎஸ்வி-யா சேவ் பண்ணினா, திரையில தெரியிற 13.08 மட்டும்தான் ஃபைலுக்குப் போகும். மீதி போச்சு. மேப்புல திறந்தா புள்ளிகள் சதுரங்கப் பலகை மாதிரி சமமான இடைவெளியில வரிசையா நிக்கும். அதுதான் அடையாளம். போன இலக்கத்தை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது, ஒரிஜினல் ஃபைல்தான் தரும். அதனால ஆப்புல இருந்து வந்த ஃபைலைத் தொடாம தனியா ஒரு ஃபோல்டர்ல வச்சுடுங்க. வேலை எல்லாம் காப்பியில மட்டும்.

தலைகீழா, 12 தசம இடம் இருக்கேன்னு ஏமாறவும் வேண்டாம். திறந்த வெளியில ஒரு ஸ்மார்ட்போனோட துல்லியம் சுமார் 5 மீட்டர்தான். மீதி இலக்கம் எல்லாம் அலங்காரம்.

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமா தள்ளியிருக்கா?

ஒண்ணு ரெண்டு புள்ளி இல்லாம, எல்லாமே ஒரே திசையில ஒரே அளவு நகர்ந்திருந்தா அது டேட்டம் பிரச்சினை. பூமியோட வடிவத்தை எப்படிக் கணக்குல எடுத்துக்கிட்டோம் என்பதைப் பொறுத்து, ஒரே இடத்துக்கு எண் மாறும். ஜிபிஎஸ் பயன்படுத்துறது டபிள்யூஜிஎஸ் 84. சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோப்போஷீட்கள் எவரெஸ்ட் என்கிற வேற வடிவத்தை வச்சுப் போட்டவை. பழைய ஷீட்ல இருந்து படிச்ச எண்ணையும் போன் எண்ணையும் அப்படியே கலந்தா, நூறு மீட்டருக்கும் மேல விலகும்.

அடுத்தது யூடிஎம். காலத்துல 180-ஐத் தாண்டி லட்சக்கணக்குல எண் இருந்தா, அது டிகிரியே இல்ல, அனேகமா யூடிஎம் மீட்டர். இதுல மண்டலம் தெரியணும். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. தமிழ்நாட்டை இந்தக் கோடு பிரிக்குது. திண்டுக்கல் நகரம் 43-ல, மதுரை 44-ல! மண்டலத்தை மாத்திக் குடுத்தா புள்ளி சுமார் 650 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

கியூஜிஐஎஸ்ல 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது பெயர்ப்பலகையை மாத்துற வேலை மட்டும்தான். எண்ணை நிஜமா மாத்துறது 'ரீப்ரொஜெக்ட் லேயர்'. முதல்ல டேட்டா எதுல எடுத்ததோ அதோட சரியான பேரைக் குடுங்க. போன் டேட்டான்னா இபிஎஸ்ஜி 4326. அப்புறம் தேவைப்பட்டா மாத்துங்க.

ஓடுற பஸ், குதிக்கிற புள்ளி

பஸ் ட்ராக் மாதிரி டேட்டாவுல சில புள்ளிகள் திடீர்னு குதிக்கும். உயரமான கட்டடங்கள்ல பட்டுத் திரும்பி வர்ற சிக்னல் இதுக்கு ஒரு காரணம். வேகத்தைக் கணக்குப் போட்டா மாட்டிக்கும். 10 வினாடியில 1 கிலோமீட்டர்னா மணிக்கு 360 கிலோமீட்டர். எந்த டவுன் பஸ்ஸும் அப்படிப் போகாது. ஆனா ஒரு கெட்ட புள்ளி ரெண்டு கெட்ட வேகத்தைக் குடுக்கும், போகும்போது ஒண்ணு, திரும்பும்போது ஒண்ணு. அதனால பக்கத்து வரியோட ஒப்பிடாம, கடைசியா சரியா இருந்த புள்ளியோட ஒப்பிடுங்க. இல்லைன்னா நல்ல புள்ளியும் சேர்ந்து போயிடும்.

நேரத்தையும் பாருங்க. என்எம்இஏ-வுல வர்றது யூடிசி நேரம். காலை 8 மணி பஸ், 2:30-ன்னு பதிவாகும். 5 மணி 30 நிமிடம் கூட்டணும்.

அழிக்கிற கோடு யார் மேல விழுது?

ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொரு இடத்தோடவும் துல்லியம்னு ஒரு எண்ணும் தரும். 8-ன்னா, நிஜமான இடம் 8 மீட்டர் வட்டத்துக்குள்ள இருக்க 68 சதவீத வாய்ப்புன்னு அர்த்தம். "10 மீட்டருக்கு மேல இருந்தா டெலீட்"னு ஒரே வரியில கோட் எழுதிடலாம். ஆனா எந்த இடத்துல துல்லியம் கெடும்? நெருக்கமான சந்து, அடர்ந்த மரத்தடி, மலையடிவாரம். அதாவது அந்த ஒரு வரி, குறிப்பிட்ட மாதிரி இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து மேப்புல இருந்து நீக்கும். அகலமான மெயின் ரோடு குழாய் எல்லாம் இருக்கும், சந்துக் குழாய் இருக்காது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல, தண்ணி தேங்கின தெருக்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஒரு மேப்புல மக்களே குறிச்சாங்க. அந்த மாதிரி மேப்புல ஒரு புள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி விழுந்தா அது ரெண்டு தப்பு. தண்ணி இல்லாத தெருவுல தண்ணின்னு காட்டும், மூழ்கின தெருவை சும்மா விட்டுடும். அந்தப் புள்ளியை அழிச்சா முதல் தப்பு மட்டும்தான் போகும். திருத்தினாதான் ரெண்டும் போகும்.

வேலையைச் செய்ற வரிசை

1. ஒரிஜினல் ஃபைலைப் பூட்டி வைங்க.
2. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர், யார் எடுத்தது, எந்த ஆப் என்கிற காலங்களைச் சேருங்க. ஒரே ஆளோட வரிகள்ல ஒரே மாதிரி தப்புதான் பெரும்பாலும் இருக்கும்.
3. ஃபார்மேட்டை தசம டிகிரிக்கு மாத்துங்க. வரிசை, பூஜ்ஜியம், தசம இடம், சிஆர்எஸ் என்று ஒவ்வொண்ணா பாருங்க.
4. திருத்தின எண்ணைப் புது காலத்துல எழுதுங்க, பழசு பக்கத்துலேயே இருக்கட்டும்.
5. 'நிலை'ன்னு ஒரு காலம் வைங்க: சரி, திருத்தியது, சந்தேகம், மீண்டும் போகணும்.
6. சாட்டிலைட் படத்தை அடியில போட்டு, கண்ணால ஒரு முறை பாருங்க.

கடைசியா, ரிப்போர்ட்ல ஒரு பத்தி ஒதுக்குங்க. மொத்தம் எத்தனை வரி வந்தது, எத்தனை திருத்தினோம், எப்படித் திருத்தினோம், எத்தனை இன்னும் தெரியல. 'மீண்டும் போகணும்' லிஸ்ட்டை அடுத்த கேம்ப்புக்குப் போற ஜூனியர்ஸ் கையில குடுங்க. அவங்க அந்தச் சந்துக்குள்ள போய், நின்னு, சிக்னல் வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் காத்திருந்து எடுத்துக்கிட்டு வரட்டும்.