காலி நிலமல்ல, மேய்ச்சல் நிலம்

மங்கோலியாவின் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்களோ சுமார் 35 லட்சம் பேர்தான். அதிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் தலைநகர் உலான்பாத்தரிலேயே இருக்கிறார்கள். வேலியே இல்லாத அந்தப் புல்வெளியைப் பார்க்கும் பயணிக்கு, யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்றுதான் தோன்றும். ஆனால், மக்கள்தொகையைப் போல் பத்து மடங்குக்கும் அதிகமான ஆடு, மாடு, குதிரை, ஒட்டகங்களுக்கு அதுதான் தீவனம். மேய்ச்சல் நிலத்தைத் தனியார் உடைமையாக்க 1992-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இடம்தரவில்லை, அது பொதுச்சொத்து.

இந்தக் கால்நடைகளை மேய்க்கும் நாடோடிகள் கால்போன போக்கில் திரிபவர்கள்தானே என்று கேட்கலாம். இல்லை. பருவத்துக்குப் பருவம் இடம் மாறினாலும், காற்று மறைவான குளிர்கால முகாமுக்கே பெரும்பாலும் ஆண்டுதோறும் திரும்புகிறார்கள். கம்பளி போர்த்திய வட்டக் கூடாரமான கெர், சில மணி நேரத்தில் பிரிந்து வண்டியேறிவிடும். அதன் வாசல் வழக்கமாகத் தெற்கு நோக்கியே. கோடையில் மேயாமல் விட்டுவைத்த புல்தான் கால்நடைகளின் குளிர்கால உணவு. அது குறைந்து, கடும்பனியும் சேர்ந்தால் 'சுத்' என்னும் பேரிடர். 2023–24 குளிர்காலத்தில் பல லட்சம் கால்நடைகள் மடிந்தன. இவ்வளவு பரந்த வெளியில் ஒரு ஜீப் தடம் என்ன செய்துவிடும் என்றும் தோன்றலாம். புல் வளரும் காலம் சில மாதங்களே. நசுங்கிய தடம் ஆற ஆண்டுகள் ஆகும். ஆகவே ஏற்கெனவே உள்ள தடத்திலேயே வண்டியை ஓட்டுங்கள்.