வீட்டிலேயே மினி பைக் ஃபிரேம்: வெல்டிங் ராடைத் தொடும் முன் இதைப் படிங்க!

பழைய மொபெட் எஞ்சின் ஒன்று, நாலு நீளம் இரும்பு பைப், பக்கத்துப் பட்டறையில் ஒரு வெல்டிங் மெஷின். இது போதும், முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி பைக் செய்துவிடலாம் என்று யூடியூப் சொல்கிறது. திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் இந்த ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. நிட்டிங் மெஷின் முதல் துணி ரோல் ஏற்றும் டிராலி வரை எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

செய்யலாமா? செய்யலாம். ஓட்டலாமா? அது எங்கே ஓட்டுகிறீர்கள், என்ன எஞ்சின் வைக்கிறீர்கள், யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அபராதத்தோடு முடியாது. சில நேரம் அப்பாவோ அம்மாவோ கோர்ட்டில் நிற்க வேண்டிவரும். ஃபிரேமை எப்படி ஒழுங்காகச் செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, இந்தத் திறமையை எப்படிப் பிழைப்பாக மாற்றுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மினி பைக் பிறந்த இடம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 'வெல்பைக்' என்ற மடக்கும் பைக்கைத் தயாரித்தது. 98 சி.சி. எஞ்சின். பாராசூட்டில் இறக்கும் உருளைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவு. பிறகு 1961-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் டோக்கியோ அருகே உள்ள டாமா டெக் கேளிக்கைப் பூங்காவுக்காக ஒரு குட்டி பைக் செய்தது. பிள்ளைகள் பூங்காவுக்குள் ஓட்டி விளையாடத்தான் அது உருவானது. சாலையில் ஓடும் 'மங்கி' மாடல்கள் அதற்குப் பிறகு வந்தவை.

நம் ஊர்க் கதையும் சுவையானது. ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ். 50, இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். அதன் வாரிசான எக்ஸ்.எல். இன்றும் துணி மூட்டை சுமந்து திருப்பூர் சந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வண்டிகள் சாலைக்கு வரும் முன் அரசு அங்கீகரித்த மையத்தில் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றவை. உங்கள் வீட்டு ஃபிரேமுக்கும் கம்பெனி ஃபிரேமுக்கும் உள்ள முதல் வித்தியாசம் அதுதான்.

எது 'மோட்டார் வாகனம்'?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 2(28) இதற்கு விளக்கம் தருகிறது. அதில் நமக்குத் தேவையான விலக்குகள் இரண்டு.

1. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, எஞ்சின் 25 சி.சி.க்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது.

2. தொழிற்சாலைக்குள்ளோ, வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென்று அமைக்கப்பட்ட தனி வகை வாகனமும் இந்த வரையறைக்குள் வராது.

"அப்போ பிரச்சினை இல்லையே?" என்று அவசரப்படாதீர்கள். பழைய டி.வி.எஸ். 50 எஞ்சினே 50 சி.சி. எக்ஸ்.எல். 100 கிட்டத்தட்ட 100 சி.சி. புல் வெட்டும் மெஷின்களில் பரவலாக இருப்பவை 43 சி.சி., 52 சி.சி. எஞ்சின்கள். இவை எதுவும் முதல் விலக்கில் வராது.

இரண்டாவது விலக்கிலும் கவனம் தேவை. கேட் போட்டு, காம்பவுண்டு கட்டிய கம்பெனி வளாகம் அடைக்கப்பட்ட இடம். ஆனால் கோயில் திடல், லே-அவுட் ரோடு, பள்ளி மைதானம் போல மக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் எதுவானாலும் சட்டத்தின் பார்வையில் 'பொது இடம்'தான். கிளுவை வேலி போட்ட சொந்தத் தோட்டமே ஆனாலும், உள்ளே ஊர் வழித்தடம் போகிறது என்றால் அந்தத் தடம் உங்கள் ரேஸ் டிராக் அல்ல. மேலும், பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தைப் 'பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ' ஓட்டக் கூடாது என்பதே பிரிவு 39. ஆகவே "என் இடம், நான் ஓட்டுவேன்" என்ற வாதம் மட்டும் நிற்காது. வண்டியே வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென அமைந்ததாக இருக்க வேண்டும்.

பேட்டரி வைத்தால் தப்பிக்கலாமா? 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் எடை என்ற நிபந்தனைகளோடு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு விலக்கு தருகின்றன. ஆனால் அந்த மாடலை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் பரிசோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். வீட்டில் செய்தவுடன் தானாகக் கிடைக்கும் விலக்கு இது இல்லை.

பழைய மொபெட்டை வெட்டலாமா?

பதிவு உள்ள வண்டியின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கி, அதே நம்பர் பிளேட்டோடு ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால், பிரிவு 182-ஏ(4)-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வண்டி ஓடாத நிலைக்குப் போய்விட்டது, பிரித்துவிடத்தான் போகிறீர்கள் என்றால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் (பிரிவு 55). திருப்பூர் நகரத்தில் டி.என். 39 என்றால் வடக்கு அலுவலகம், டி.என். 42 என்றால் தெற்கு. இதைச் செய்யாமல் எடைக்குப் போட்டுவிட்டால், அந்த எஞ்சின் நாளைக்கு எங்கே எந்த வழக்கில் சிக்கினாலும் நம்பரைப் பிடித்துக்கொண்டு போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

பழைய இரும்புக் கடையில் எஞ்சின் வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கை. எஞ்சினில் பொறித்த நம்பரும் ஆர்.சி. நகலில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். நம்பரைத் தேய்த்து அழித்த எஞ்சினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. நிலையைப் பார்க்கலாம்.

ஃபிரேம்: செய்வதானால் ஒழுங்காகச் செய்வோம்

வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறு வண்டி என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குள் கட்டிங்கிலிருந்து செக்கிங் பிரிவுக்குப் பண்டல் கொண்டுபோகும் வண்டியாகக்கூட இருக்கலாம்.

பைப்: 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர்த் தடிமன் உள்ள எம்.எஸ். பைப் சிறு ஃபிரேமுக்கு வழக்கமான தேர்வு. தண்ணீர் லைனுக்குப் போடும் ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

ஸ்டியரிங் சாய்வு: முன்பக்க ஸ்டியரிங் பைப் செங்குத்துக்கோட்டிலிருந்து 23 முதல் 27 டிகிரி வரை பின்னுக்குச் சாய்ந்திருப்பது பொதுவான அளவு. ஏன் இந்தச் சாய்வு? துணி டிராலியின் சுழலும் சக்கரத்தைக் கவனியுங்கள். தள்ளும்போது சக்கரம் தானாகவே பின்னால் போய் நேராக நிற்கும். காரணம், அது தரையைத் தொடும் புள்ளி, சுழலும் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பைக்கின் முன்சக்கரம் நேராக ஓடுவதும் இதே கணக்கில்தான். இந்தப் பின்தங்கும் தூரத்தை 'டிரெயில்' என்பார்கள். அது குறைந்தால் ஹேண்டில்பார் நடுங்கும். சின்னச் சக்கரத்தில் டிரெயில் இயல்பாகவே குறையும் என்பதால் மினி பைக்கில் இந்த அளவு ரொம்ப முக்கியம்.

வெட்டும் விதம்: ஒரு பைப் இன்னொரு பைப்போடு சேரும் இடத்தை மீன் வாய் போல வளைத்து வெட்டி, இடைவெளி இல்லாமல் உட்கார வையுங்கள். நேராக வெட்டிவிட்டு, இடைவெளியை ராடால் நிரப்புவது பார்க்கத்தான் நன்றாக இருக்கும். முதல் குழியில் இறங்கும்போது விரிசல் விடும்.

டேக் முதலில், முழு வெல்டிங் பிறகு: சமமான பலகை அல்லது இரும்பு மேசையில் நடுக்கோடு போட்டு, எல்லாப் பைப்பையும் கிளாம்ப் செய்யுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் நாலு புள்ளி டேக் அடித்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சரிபாருங்கள். வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கி ஃபிரேமை ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் ஒரே பக்கம் முழுசாக அடிக்காமல், எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். 2.5 மி.மீ. 6013 ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும். வெட்டி எடுத்த துண்டுப் பைப்பில் முதலில் பழகி, அதைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். வெல்டிங் பிட்டுக்கொண்டு வந்தால் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம்.

செயின் நேர்கோடு: எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். செயினுக்கு மூடி கட்டாயம். லுங்கி நுனியோ துப்பட்டாவோ மாட்டினால் இழுத்துச் சாய்த்துவிடும்.

சோதனை: பெயின்ட் அடிக்கும் முன் எல்லா மூட்டையும் 'டை பெனட்ரன்ட்' ஸ்பிரேயால் சோதியுங்கள். சிவப்புத் திரவத்தை அடித்து, சற்று நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தெரியும். பிறகு ஓட்டுபவர் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டையை சீட்டில் ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரம் மாறியிருந்தால் ஃபிரேம் வளைந்துவிட்டது. அதில் உட்கார வேண்டாம்.

பஞ்சு பறக்கும் ஊரில் தீப்பொறி

திருப்பூரில் வீட்டில் வெல்டிங் செய்வதில் இந்த ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பக்கத்து அறையில் பனியன் பீஸ் அடுக்கியிருக்கும். மின்விசிறியிலும் ஜன்னலிலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். ஒரு பொறி போதும்.

• துணி, வேஸ்ட், தூசி இல்லாத திறந்தவெளியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் இடத்தைக் கவனியுங்கள்.

• பாலியெஸ்டர் டி-ஷர்ட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கனமான பருத்தி உடை, தோல் கையுறை, ஷூ, வெல்டிங் முகக்கவசம் அவசியம்.

• பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வையுங்கள். காலி டேங்க்தானே என்று வெல்டிங் அடிக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

• வெல்டிங் மெஷினைச் சாதாரண சுவர் பிளக்கில் செருக வேண்டாம். எர்த், இ.எல்.சி.பி. சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனிடம் பாருங்கள். வீட்டு இணைப்பில் கூலிக்கு வெல்டிங் செய்தால் மின்சாரச் சட்டம், 2003-ன் பிரிவு 126-ன் கீழ் அதிகக் கட்டணம் மதிப்பிடப்படலாம்.

அப்பா, அம்மா கவனத்துக்கு

18 வயது ஆகாத பிள்ளை பொதுச் சாலையில் வாகனக் குற்றம் செய்தால், பிரிவு 199-ஏ பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. மெர்ச்சண்டைசர், சேல்ஸ், டெலிவரி என எந்த வேலைக்குப் போனாலும் லைசென்ஸ் கேட்கிற காலம் இது. ஒரு நாள் விளையாட்டுக்குப் பத்து வருட வாய்ப்பு போய்விடும்.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிடப் பெரியது இன்னொன்று: வீட்டில் செய்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. அது யாரையாவது இடித்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை உங்கள் சம்பளத்திலிருந்தும் சொத்திலிருந்தும்தான் கட்ட வேண்டும். 25 சி.சி.க்கு உட்பட்ட வண்டியானாலும், பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 பொருந்தும்.

திறமையை வீணாக்காதீங்க

ஃபிரேம் செய்யத் தெரிந்த பிள்ளையைத் திட்டி உட்கார வைப்பது தீர்வு அல்ல. வழிகள் இருக்கின்றன.

ஐ.டி.ஐ.: அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 8-ம் வகுப்புத் தேர்ச்சி போதும். டெக்ஸ்டைல் மெஷின் பராமரிப்பு முதல் பாய்லர் வேலை வரை இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

பொறியியல் மாணவர்கள்: மாணவர்களே ஃபிரேம் வடிவமைத்து, மூடிய டிராக்கில் ஓட்டும் 'பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டி 2007 முதல் நடக்கிறது. கல்லூரி வழியாக அணி சேர்ந்து பங்கேற்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி: மாற்றுத்திறனாளி பயன்படுத்துவதற்கு ஏற்ப வாகனத்தை மாற்றுவதற்குச் சட்டமே வழி தருகிறது. ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்யலாம். நல்ல வெல்டிங் கைக்கு இதைவிடப் பயனுள்ள வேலை குறைவு.

தயாரிப்பாளர் ஆக வேண்டுமா?: சாலையில் ஓடும் மாடலாக விற்க, அதன் முன்மாதிரி அங்கீகாரம் பெற்ற மையத்தில் தேற வேண்டும். புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போல நம் ஒரகடத்திலும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தொழில் கடன், மானியம் பற்றி அறிய மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள்.

போனில் சேமித்து வையுங்கள்

• முதல்வரின் உதவி மையம்: 1100

• மின்சாரப் புகார் (மின்னகம்): 94987 94987

• தீ, விபத்து, போலீஸ் அவசர உதவி: 112, ஆம்புலன்ஸ்: 108

• ஆர்.சி., லைசென்ஸ் சேவைகள்: பரிவாகன் இணையதளம், எம்-பரிவாகன் செயலி

வண்டி செய்யும் ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பைப் வாங்கும் முன் அனுப்பினால் இன்னும் நல்லது.